மெய்ப்புப் பார்ப்பவருக்கு மலிவான 4கே திரை ஏற்றதா?

தம்பி, கோத்தகிரியிலிருந்து நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் திரும்பச் சொல்லிவிடுகிறேன். நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் பதிலும் தவறாகிவிடும். வீட்டிலிருந்தபடியே சென்னை, கோவைப் பதிப்பகங்களுக்குத் தமிழ் நூல்களின் மெய்ப்புப் பார்க்கிறீர்கள். பக்க வடிவமைப்பும் செய்கிறீர்கள். நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் 24 அங்குல ஃபுல் எச்.டி. திரையின் முன் அமர்கிறீர்கள். மாலையில் கண் எரிகிறது. அதைவிடப் பெரிய கவலை, திரையில் சரியாகத் தோன்றிய பக்கத்தில் புள்ளி விடுபட்டிருப்பது அச்சான பிறகே தெரியவருகிறது என்பது. கையில் 25,000 ரூபாய் இருக்கிறது. அதற்குள் 27 அங்குல 4கே திரை ஒன்று கிடைக்கிறது; ஃபுல் எச்.டி.யை விட நான்கு மடங்கு பிக்சல்கள், அதாவது படத்தை உருவாக்கும் நுண்ணிய கட்டங்கள், கொண்டது. அதே பணத்துக்கு எல்லா வசதிகளும் நிறைந்த, நுணுக்கத்தில் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட 27 அங்குல க்யூ.எச்.டி. திரையும் கிடைக்கிறது, உங்கள் மாமாவோ தம் வீட்டில் பயன்படாமல் இருக்கும் 43 அங்குல 4கே தொலைக்காட்சியை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். மூன்றில் எதை எடுப்பது என்பதே கேள்வி.

என் பதில், 27 அங்குல 4கே திரை. ஆனால் பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் லேப்டாப்பை ஒரு முறை சோதித்துப் பார்த்தாக வேண்டும்; அந்தச் சோதனையில் அது தேறாவிட்டால் என் பதிலும் மாறிவிடும். காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஊட்டியில் 1960-இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலையில் என் இளமை கழிந்தது. படச்சுருளின் வெள்ளி மணிகளை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்துப் பழகிய கண் இது. மணி எவ்வளவு பொடியாக இருக்கிறதோ அவ்வளவு நுணுக்கம் படத்தில் தங்கும் என்பது அங்கே முதல் வாரத்திலேயே கற்ற பாடம். பிறகு புத்தக வடிவமைப்புக்கு வந்தபோது, திரையின் பிக்சல்களும் அந்த மணிகளைப் போலவே நடந்துகொள்வதைக் கண்டேன். எழுத்தின் உறுப்பு பிக்சலை விடப் பெரிதாக இருக்கும் வரை எந்தத் தொல்லையும் இல்லை. பிக்சலை நெருங்கும் அளவுக்குச் சிறுத்துவிட்டால், அந்த உறுப்பு இருக்கிறதா இல்லையா என்பதைக் கண் ஊகிக்கத் தொடங்கிவிடுகிறது. மெய்ப்புப் பார்ப்பவர் ஊகிக்கத் தொடங்கினால் பிழை தப்பிப்போகும்.

தமிழ் எழுத்துக்கு இந்தத் தொல்லை சற்று அதிகம். எரி என்பதும் ஏரி என்பதும் ஒரு சிறு சாய்கோட்டால் வேறுபடுகின்றன. பெறு, பேறு இரண்டுக்கும் இடையே ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் மட்டுமே வேறுபாடு. கி என்பதில் மேலே வளையும் மேல்விலங்கின் நுனியில் ஒரு சுழி சேர்ந்தால் கீ என்று குறில் நெடிலாகிவிடுகிறது. னகரத்துக்கும் ணகரத்துக்கும் ஒரு சுழிதான் வேறுபாடு. புள்ளியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மெய்யையும் உயிர்மெய்யையும் பிரிப்பது அந்த ஒரு பொட்டுதான். ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இடாமலே எழுதினார்கள், படிப்பவரே இடம் பார்த்து உணர்ந்துகொண்டார். எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டைத் தெளிவாக்க 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அப்படி அரும்பாடுபட்டு எழுத்தில் கொண்டுவந்த வேறுபாட்டை மங்கலான திரையில் மீண்டும் தொலைப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

இதைக் கணக்காகவும் பார்க்கலாம். 12 பாயின்ட் எழுத்து என்பது ஓர் அங்குலத்தில் ஆறில் ஒரு பங்கு. உங்கள் 24 அங்குல ஃபுல் எச்.டி. திரையில் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 92 பிக்சல்கள். ஆகவே பக்கத்தை உண்மை அளவில் வைத்துப் பார்க்கும்போது ஓர் எழுத்துவரிசையின் முழு உயரத்துக்கும் 15 பிக்சல்களே கிடைக்கின்றன. அதற்குள் கொம்பு, சுழி, விலங்கு, மேலே ஒரு புள்ளி எல்லாம் அடங்க வேண்டும். புள்ளிக்கு ஓரிரண்டு பிக்சல்கள் விழும். அவையும் முழுக் கறுப்பாக இல்லாமல் சாம்பல் நிறத்தில் கரைந்து நிற்கும். 27 அங்குல க்யூ.எச்.டி. திரையில் அங்குலத்துக்கு 109 பிக்சல்கள். அதே எழுத்துக்கு 18 கிடைக்கும். 27 அங்குல 4கே திரையில் அங்குலத்துக்கு 163. எழுத்துக்கு 27 பிக்சல்கள். அங்குலத்துக்கு 600 புள்ளிகள் இடும் அச்சு இயந்திரம் அதே எழுத்துக்கு 100 புள்ளிகளைச் செலவிடுகிறது. உங்கள் திரையில் மறைந்திருந்த குறை அச்சில் பளிச்சென்று தெரிவதற்கு இந்த 15-க்கும் 100-க்கும் உள்ள தூரமே பெரும்பாலும் காரணம்.

பெரும்பாலும் என்று சொன்னேனே தவிர முழுவதும் என்று சொல்லவில்லை. யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துருக்களில் தட்டச்சான கோப்பை யூனிகோடுக்கு மாற்றும்போதும் புள்ளிகள் உதிர்வதுண்டு. எந்தத் திரையும் அதைத் தடுக்காது. ஆனால் உதிர்ந்ததைக் கண்ணுக்குக் காட்டும் திரை வேண்டும் என்பதுதான் இங்கே நம் தேவை.

அடுத்தது பார்க்கும் தொலைவு. நல்ல பார்வையுள்ள கண் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணத்தைப் பிரித்தறியும் என்பது கண் மருத்துவத்தில் வழங்கும் அளவு. அதை வைத்துக் கணக்கிட்டால், 24 அங்குல ஃபுல் எச்.டி. திரையின் பிக்சல்கள் தனித்தனியாகத் தெரியாமல் இழைந்துபோக ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் தள்ளி உட்கார வேண்டும். 27 அங்குல க்யூ.எச்.டி. திரைக்கு 80, 32 அங்குல 4கே திரைக்கு 62, 27 அங்குல 4கே திரைக்கு 53 சென்டிமீட்டர். மேசையில் நாம் அமரும் தொலைவு 60 சென்டிமீட்டரை ஒட்டியது. 27 அங்குல 4கே இந்தக் கணக்கில் தேறிவிடுகிறது, 32 அங்குல 4கே ஏறத்தாழத் தேறுகிறது, முதல் இரண்டும் தேறவில்லை.

மாமாவின் தொலைக்காட்சியை மறுப்பதற்கும் இதே கணக்குப் போதும். அதுவும் 4கே தான். 3840க்கு 2160 என்று அதே 83 லட்சம் பிக்சல்கள்தான். ஆனால் அவை 43 அங்குலப் பரப்பில் விரிந்துகிடப்பதால் அங்குலத்துக்கு 102 பிக்சல்களே தேறும், க்யூ.எச்.டி. திரையை விடவும் குறைவு. சாப்பாட்டு மேசைக்கு அப்பால் இருந்து படம் பார்ப்பதற்கென்று செய்யப்பட்ட பொருளை முகத்துக்கு முன் வைத்தால், திரையின் ஓரங்களைப் பார்க்கக் கழுத்தையும் திருப்ப வேண்டியிருக்கும். மாமாவிடம் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். ஆனால் மறுப்பதற்கு முன் அவர் வீட்டுக்கு ஒரு முறை லேப்டாப்போடு போய் வாருங்கள். காரணத்தை இனிச் சொல்கிறேன்.

மலிவான 4கே திரை வாங்குபவர்கள் பெரும்பாலும் இடறுவது திரையில் அன்று, இணைப்பில். 4கே படத்தை நொடிக்கு 60 முறை அனுப்புவதற்கு, படத்துக்கு மட்டுமே நொடிக்கு ஏறத்தாழ 12 கிகாபிட் தேவை. கணினியையும் திரையையும் கேபிளால் இணைக்கும் முறைகளில், 2009-இல் வந்த எச்.டி.எம்.ஐ. 1.4 இணைப்பு அதைத் தாங்காது. 4கே படத்தை நொடிக்கு 30 முறைதான் தரும். 2013-இல் வந்த எச்.டி.எம்.ஐ. 2.0 தாங்கும். இன்னொரு வகை இணைப்பான டிஸ்பிளேபோர்ட் 1.2 அதற்கும் முன்பே, 2010-இலேயே தாங்கியது. உங்களிடம் இருக்கும் எட்டாம் தலைமுறை இன்டெல் லேப்டாப்பில் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. ஒன்பதாம் தலைமுறை வரை, இன்டெல் சில்லுக்குள் இருந்த வரைகலைப் பகுதி எச்.டி.எம்.ஐ. 1.4-ஐத்தான் நேரடியாகத் தந்தது. லேப்டாப் செய்த நிறுவனம் தனியாக ஒரு மாற்றுச் சில்லு வைத்திருந்தால் மட்டுமே அதற்கு மேல் கிடைக்கும். அதே சில்லு டிஸ்பிளேபோர்ட் வழியாக 4கே படத்தை 60 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 60 முறை, தடையின்றித் தரும் என்பதையும் கவனியுங்கள். ஆகவே உங்கள் லேப்டாப்பில் டிஸ்பிளேபோர்ட் துளை இருந்தாலும், படத்தைக் கடத்தக்கூடிய யு.எஸ்.பி. டைப்-சி துளை இருந்தாலும், தகுந்த கேபிள் ஒன்றை வாங்கி இந்தச் சிக்கலைத் தாண்டிவிடலாம். ஆனால் எல்லா டைப்-சி துளைகளும் படத்தைக் கடத்துவதில்லை. சில மின்னேற்றத்துக்கும் கோப்பு மாற்றத்துக்கும் மட்டுமே. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்கும்.

30 ஹெர்ட்ஸ் போதாதா, நான் படிக்கத்தானே போகிறேன் என்று நினைக்க வேண்டாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். என் முதல் 4கே திரையைக் கோவையில் ஒரு கடையில் வாங்கி ஊட்டிக்குக் கொண்டுவந்து பொருத்தியபோது, சுட்டி கையோடு வராமல் பின்னால் இழுபட்டது; பக்கத்தை உருட்டினால் எழுத்துகள் விட்டுவிட்டுத் தாவின. ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 17 மில்லிநொடி இருக்க வேண்டிய இடத்தில் 33 மில்லிநொடி இருந்தது. திரைதான் பழுது என்று நம்பி, பெட்டியோடு மலையிறங்கிக் கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே வேறொரு கணினியில் அது நன்றாகவே ஓடியது. பர்லியாறு வழியாகப் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளை ஏறியிறங்கிய பிறகுதான், குறை என் லேப்டாப்பின் எச்.டி.எம்.ஐ. துளையில் என்பது புரிந்தது. விற்றவர் என்னிடம் என்ன கணினி இருக்கிறது என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உங்களுக்கு அந்த அலைச்சல் வரக்கூடாது.

அதனால்தான் மாமா வீட்டுக்குப் போகச் சொன்னேன். அவருடைய தொலைக்காட்சி உங்களுக்குச் செலவில்லாத சோதனைக் கருவி. லேப்டாப்பை அதில் இணைத்து, விண்டோஸில் திரை அமைப்பில் உயர்நிலைப் பகுதியைத் திறந்தால், 3840க்கு 2160 அளவில் எத்தனை ஹெர்ட்ஸ் ஓடுகிறது என்று காட்டும். சில தொலைக்காட்சிகளில் அந்த எச்.டி.எம்.ஐ. துளைக்கு மேம்பட்ட உள்ளீட்டு முறையை அமைப்பில் இயக்கினால்தான் 60 வரும்; அதையும் பார்த்துவிடுங்கள். எச்.டி.எம்.ஐ. வழியாக 30 தான் வருகிறது என்றால், நண்பர்கள் யாரிடமாவது டைப்-சியிலிருந்து எச்.டி.எம்.ஐ. 2.0-க்கு மாற்றும் இணைப்பானை இரவல் வாங்கி அதையும் சோதியுங்கள்.

60 என்று காட்டினாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இணைப்பின் கொள்ளளவு போதாதபோது, சில கருவிகள் நிறச் செய்தியை நான்கில் ஒரு பங்காகக் குறைத்து அனுப்பி 60-ஐ எட்டிவிடும். 4:2:0 என்று இதைக் குறிப்பார்கள். திரைப்படத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. வெள்ளைத் தாளில் சிவப்பு எழுத்தை வைத்துப் பாருங்கள், ஓரமெல்லாம் கசிந்தது போல இருக்கும். நாள் முழுவதும் சிவப்புத் திருத்தக் குறிகளோடு உழைக்கும் உங்களுக்கு அது பெரும் இடைஞ்சல். ஆகவே சோதிக்கும்போது சிவப்பில் நான்கு வரிகள் தட்டச்சிட்டுப் பாருங்கள்.

லேப்டாப் தேறிவிட்டது என்று வைத்துக்கொண்டு மேலே செல்கிறேன். 25,000 ரூபாய்க்கு 27 அங்குல 4கே திரையைத் தரும் நிறுவனம், பணத்தின் பெரும்பகுதியைப் படம் காட்டும் பலகையான பேனலில் போட்டுவிட்டு மற்றவற்றில் மிச்சம் பிடிக்கிறது. எங்கெங்கே மிச்சம் பிடித்திருக்கிறது, அவற்றில் எதெது நம்மைத் தொடும் என்பதுதான் எடைபோட வேண்டியது.

வேகத்தில் மிச்சம் பிடித்திருப்பார்கள், க்யூ.எச்.டி. திரை 100 ஹெர்ட்ஸுக்கு மேல் ஓடும்போது இது 60-இல் நின்றுவிடும். விளையாடுபவருக்கு அது குறை, நமக்கு இல்லை. பெட்டியின் மேல் எச்.டி.ஆர். (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வேறுபாட்டை மிகுத்துக் காட்டும் முறை) என்று அச்சிட்டிருப்பார்கள், இந்த விலையில் அதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டாம். எச்.டி.ஆர். 10 என்று இருந்தால் அந்த வகைச் செய்தியைத் திரை ஏற்றுக்கொள்ளும் என்பது மட்டுமே பொருள். அதைச் சரியாகக் காட்டுவதற்கான வெளிச்சமும் பகுதி பகுதியாகப் பின்னொளியைக் குறைக்கும் ஏற்பாடும் இதில் இருக்காது. ஒலிபெருக்கி இருக்காது, இருந்தாலும் உதவாது. நூறு கோடி நிறங்கள் என்றும் எழுதியிருப்பார்கள். பெரும்பாலும் அது 8 பிட் பேனலை வைத்துக்கொண்டு நிறங்களை வேகமாக மாற்றி மாற்றிக் காட்டிப் பெறுவது. மெய்யான 8 பிட் பேனல் தரும் 1.67 கோடி நிறங்களே உங்கள் வேலைக்குத் தாராளம். கணினித் திரைகளுக்கான பொது நிற வரம்பான எஸ்.ஆர்.ஜி.பி.யை ஏறத்தாழ முழுமையாகத் தருகிறதா என்று மட்டும் பாருங்கள். அட்டை வடிவமைப்புக்கு அது வேண்டும்.

ஒரே டைப்-சி கேபிளில் படமும் வந்து லேப்டாப்புக்கு மின்னேற்றமும் ஆகும் வசதியை இந்த விலையில் எதிர்பார்க்க முடியாது. அது இல்லாமல் போவது எனக்கு உண்மையான இழப்பாகவே படுகிறது, மேசை சுத்தமாக இருக்கும். ஆனால் அதற்காக எழுத்தின் தெளிவை விட்டுக்கொடுக்கச் சொல்ல மாட்டேன்.

தாங்கியில் மிச்சம் பிடிப்பதைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். மலிவான திரைகளின் தாங்கி முன்னும் பின்னும் சற்றே சாயும், உயரம் கூட்டவோ குறைக்கவோ முடியாது. எட்டு மணி நேரம் அமர்பவருக்குத் திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு ஒட்டியோ சற்றுத் தாழ்ந்தோ இருக்க வேண்டும். முதுகில் 100க்கு 100 மில்லிமீட்டர் இடைவெளியில் நான்கு திருகுத் துளைகள் இருக்கின்றனவா என்று வாங்கும் முன் உறுதிசெய்யுங்கள். இருந்தால் பிற்பாடு கையில் பணம் சேரும்போது தனியாக ஒரு தாங்குகை வாங்கிப் பொருத்தலாம். அதுவரை கெட்டியான மரப்பலகை ஒன்றே போதும்.

பேனல் வகையில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மாறாத ஐ.பி.எஸ். வகைதான் வேண்டும். அதன் கறுப்பு முழுக் கறுப்பாக இராது. வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையிலான ஒளிமாறுபாடு ஆயிரத்துக்கு ஒன்றை ஒட்டி நிற்கும். இருட்டறையில் மூலைகளில் வெளிறிய ஒளி கசியும். வி.ஏ. பேனலில் கறுப்பு மூவாயிரத்துக்கு ஒன்று வரை ஆழமாக இருக்கும். ஆனால் வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தைப் படிக்கும் நமக்கு அந்த ஆழத்தால் பெரிய பயன் இல்லை, பக்கவாட்டில் நிறம் மாறாதிருப்பதே முக்கியம். டி.என். பேனல் என்றால் என்ன விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். சற்றுக் குனிந்தாலே திரையின் மேல்பாதியும் கீழ்பாதியும் வேறுவேறு நிறமாகத் தெரியும்.

கண்ணெரிச்சலைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். எழுத்து கூர்மையானால் கண் உற்றுப்பார்க்கும் பாடு குறையும், அதை நான் என் கண்ணாலேயே அறிந்தேன். ஆனால் எரிச்சலுக்குத் திரை மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். உற்றுப்பார்க்கும்போது இமைப்பது குறைந்து கண் உலர்ந்துபோகிறது, கண்ணாடியின் அளவு மாறியிருக்கவும் கூடும். திரை வாங்குவதற்கு முன்பே கண் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். திரையில் கவனிக்க வேண்டியது, வெளிச்சத்தைக் குறைக்கும்போது பின்னொளியை அணைத்து அணைத்து எரியவிட்டுக் குறைக்கிறதா, இல்லை ஒரே சீராகக் குறைக்கிறதா என்பதே. முந்தைய வகை சிலருக்குத் தலைவலி தரும். மழைக்காலத்தில் மஞ்சு இறங்கி அறை மங்கிக் கிடக்கும் நம் ஊரில் திரையின் வெளிச்சத்தைப் பெரும்பாலும் குறைத்தேதான் வைப்போம். ஆகவே இது சமவெளியில் இருப்பவரை விட நமக்கு முக்கியம். வெளிச்சத்தைக் கால்வாசிக்குக் குறைத்து, கைபேசியின் கேமராவை மிக வேகமான திறப்பு நேரத்தில் வைத்துத் திரையைப் பார்த்தால், கறுத்த பட்டைகள் ஓடுவது தெரிந்தால் அது அணைந்தெரியும் வகை. அதே காரணத்தால், 300 நிட் வெளிச்சம் போதாது என்று யாராவது சொன்னால் பொருட்படுத்த வேண்டாம்.

27 அங்குலத்தில் 4கே படத்தை அப்படியே வைத்தால் பட்டியல் எழுத்துகள் எறும்பைப் போலச் சிறுத்துவிடும். விண்டோஸில் 150 விழுக்காடு பெரிதாக்கி வைக்க வேண்டும். அப்போது கிடைக்கும் வேலையிடம் க்யூ.எச்.டி. திரையில் கிடைப்பதற்குச் சமமே. ஃபுல் எச்.டி.யை விடப் பிக்சல் நான்கு மடங்கானதால் இடமும் நான்கு மடங்காகும் என்று எண்ணி வாங்குபவர்கள் ஏமாறுகிறார்கள். கூடுதல் பிக்சல்கள் இடத்துக்காக அல்ல, எழுத்தின் கூர்மைக்காக. இரண்டு ஏ4 பக்கங்களை உண்மை அளவில் அருகருகே வைத்துப் பார்க்கும் இடம் இரண்டு திரைகளிலும் உண்டு. 4கே திரையில் அந்தப் பக்கங்கள் அச்சுக்கு நெருக்கமாகத் தெரியும். பழைய மென்பொருள்கள் சில பெரிதாக்கும்போது மங்கலாகும். நீங்கள் பயன்படுத்தும் பழைய தமிழ்த் தட்டச்சு மென்பொருளோ எழுத்துரு மாற்றியோ அந்த வகையாக இருக்கலாம். அதன் சாளரம் மங்கினாலும் நீங்கள் மெய்ப்புப் பார்க்கும் பக்கம் மங்காது. லேப்டாப்பில் நினைவகப் பட்டை ஒன்றே ஒன்று இருந்தால், இணையாக இரண்டாவது ஒன்றைச் சேர்ப்பது நல்லது. அந்தச் சில்லின் வரைகலைப் பகுதி கணினியின் பொது நினைவகத்தையே பயன்படுத்துகிறது, இரண்டு பட்டை இருந்தால் அதன் ஓட்டம் சீராகும்.

செத்த பிக்சல் பற்றியும் கேளுங்கள். 2001-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 13406-2 தரநிலை, இரண்டாம் வகுப்புப் பேனலில் பத்து லட்சம் பிக்சலுக்கு இரண்டு எப்போதும் ஒளிர்ந்துகொண்டும் இரண்டு எப்போதும் கறுத்தும் இருக்கலாம் என்று விட்டுவைத்தது. 83 லட்சம் பிக்சல் உள்ள திரையில் அதே விகிதம் எத்தனை ஆகும் என்று பாருங்கள். இப்போது நிறுவனங்கள் தங்களுக்கென்று தனி வரம்பு வைத்திருக்கின்றன. வாங்கும் முன் அதை எழுத்தில் படித்துவிடுங்கள். எழுத்தின் மேல் வந்து நிற்கும் ஒரு கறுத்த பிக்சலைப் புள்ளி என்று நீங்கள் எண்ணிவிடக்கூடாது அல்லவா.

இனி மலைக்கே உரிய செய்திகள். உத்தரவாதம் மூன்றாண்டு என்று இருப்பதைப் பார்த்து மகிழ்வதற்கு முன், வீட்டுக்கே வந்து பழுது நீக்குவார்களா, 643 என்று தொடங்கும் நம் அஞ்சல் குறியீடு அதற்குள் வருமா என்று நிறுவனத்தின் சேவை எண்ணில் கேட்டுவிடுங்கள். வராது என்றால் கோவைக்கு நீங்களே சுமக்க வேண்டும். பேனல் உடைந்தால் மாற்றும் செலவு புதுத் திரையின் விலையை நெருங்கும் என்பதால், வளைவு வளைவாக ஆடி வரும் வண்டியில் பெட்டியைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைத்துக் கொண்டுவாருங்கள். இரண்டு விற்பனையாளரிடம் விலை ஐந்நூறு ஆயிரம் வேறுபட்டால், எளிதாகத் திருப்பி எடுத்துக்கொள்பவரிடமே வாங்குங்கள்.

பெட்டி வீடு வந்ததும் ஆசையில் உடனே மின்சாரம் கொடுக்க வேண்டாம். குளிர்ந்த பொருள் ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள அறைக்குள் வந்தால், கண்ணாடி டம்ளரில் நீர் கோர்ப்பது போல உள்ளேயும் கோர்க்கும். பெட்டியைத் திறக்காமல் நான்கைந்து மணி நேரம் அறையிலேயே விட்டுவைத்துப் பிறகு பொருத்துங்கள். ஆடி மாதக் காற்றில் மரம் விழுந்து மின்சாரம் போவதும், திரும்பி வரும்போது மின்னழுத்தம் துள்ளுவதும் நமக்குப் புதிதில்லை. இந்தத் திரைகள் வழக்கமாக 30 முதல் 40 வாட் வரை எடுப்பவை, ஒரு சிறிய யு.பி.எஸ். தாங்கும். இடி இடிக்கும்போது யு.பி.எஸ்.ஸை நம்பி இருந்துவிடாமல் செருகியையே சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். இணைய கேபிளையும் சேர்த்து. இந்தச் செலவையும் 25,000-க்குள் அடக்க வேண்டுமென்றால், திரைக்கு 21,000 அல்லது 22,000 என்று வைத்துக்கொண்டு மிச்சத்தை யு.பி.எஸ்.ஸுக்கும் கேபிளுக்கும் ஒதுக்குங்கள். விலைகள் மாதத்துக்கு மாதம் மாறுவதால், அவசரமில்லை என்றால் தீபாவளியை ஒட்டிய விற்பனை வரை காத்திருக்கலாம்.

32 அங்குல 4கே திரை இந்தப் பணத்துக்குள் கிடைத்தாலும் உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். அங்குலத்துக்கு 140 பிக்சல் என்பது நல்ல நுணுக்கமே, ஆனால் அந்த விலையில் வருபவற்றில் வி.ஏ. பேனல்தான் அதிகம், உங்கள் மேசை ஆழமானது என்றும் நீங்கள் எழுதவில்லை. க்யூ.எச்.டி. திரை தாழ்ந்ததில்லை. லேப்டாப்பிலிருந்து 60 ஹெர்ட்ஸ் 4கே வெளிவர எந்த வழியும் இல்லை என்று சோதனையில் தெரிந்தால், உடனே அதற்கே மாறிவிடுங்கள், எச்.டி.எம்.ஐ. 1.4 துளையே க்யூ.எச்.டி. படத்தை 60 ஹெர்ட்ஸில் தந்துவிடும், உயரம் மாற்றும் தாங்கியும் கிடைக்கும். மெய்ப்பின் கடைசிச் சுற்றில் மட்டும் பக்கத்தை 150 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கிப் படிக்கும் பழக்கத்தை வைத்துக்கொண்டால், 12 பாயின்ட் எழுத்துக்கு அந்தத் திரையிலும் 27 பிக்சல்கள் கிடைத்துவிடும். ஒரே பார்வையில் அடங்கும் வரிகள் குறையும், வேலை மெதுவாகும், பிழை தப்பாது.

எந்தத் திரையை வாங்கினாலும், முதல் நாள் மாலையே உங்கள் கையில் இருக்கும் நூல் ஒன்றின் பக்கத்தை உண்மை அளவில் திறந்து, அச்சான பிரதியைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு வரிக்கு வரி ஒப்பிட்டுப் படியுங்கள். வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று முழுத்திரைப் படங்களை மாற்றி மாற்றி வைத்துப் பிக்சல்களையும் பார்த்துவிடுங்கள். குறை இருந்தால் திருப்பிக் கொடுக்கும் கெடு பெரும்பாலும் சில நாள்களே. மலையிறங்க ஆகும் நாளையும் அதில் சேர்த்துக் கணக்கிடுங்கள். இப்போதைக்கு உங்கள் லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் மாதிரி எண்ணை எழுதி அனுப்புங்கள்; அதன் டைப்-சி துளை படத்தைக் கடத்துமா என்று தயாரிப்பாளரின் விவரக் குறிப்பைப் பார்த்துச் சொல்கிறேன்.